வெட்டாமல் விட்ட காணி

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாக, கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடிந்ததும் வழமைக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, நெடுங்கேணிப் பக்கம் பூட்டியின்ரை சீதனக் காணி ஒண்டு காடாய்க் கிடக்குதெண்டு அம்மா சொன்னவ. அதை வெட்டாமல் காடாகவே வைச்சுப் பராமரிக்க வேணுமெண்டால் உங்கை ஆரிட்டை உதவி கேக்கலாம்?”

முப்பது வருடங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். காணி குறித்து எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. அபகரிப்பு, அத்துமீறல், எல்லைக்கல், வழக்கு, மீள்குடியேற்றம் என்று காணியோடு சேர்ந்து வரும் சொற்கள் எல்லாம் விரல் நுனியில் நிற்கும். ஆனால் ‘காட்டுக் காணி வைத்திருப்பவருக்கு உதவி’ என்று ஒரு வரி நான் எழுதியதும் இல்லை. எவரும் எழுதி என் மேசைக்கு வந்ததும் இல்லை. “விசாரிச்சுச் சொல்லுறன் தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவனும் மனைவியும் ஒன்ராறியோ மாகாணத்தில், நகரத்துக்கு வெளியே மரங்கள் அடர்ந்த சிறிய காணி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அங்கே தனியார் காட்டைப் பராமரிப்பவருக்கு அரசு வரிச்சலுகை தருகிறது. நான்கு ஹெக்டேயருக்குக் குறையாத காடு இருந்து, பத்து வருடங்களுக்கான பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, அங்கீகாரம் பெற்ற ஒருவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டால், அந்தக் காட்டுப் பகுதிக்கு வீட்டுக் காணி வரியின் கால் பங்கு மட்டுமே அறவிடப்படும். அந்த மாகாணத்தில் இது நேற்று முளைத்த யோசனையன்று. குடியேறிகள் காட்டை மொட்டையடித்ததால் தென் ஒன்ராறியோவின் வயல்கள் மணற்காடாகத் தொடங்கியபோது, எட்மண்ட் சாவிட்ஸ் என்ற வனவியலாளரின் முயற்சியால் 1908 இல் செயின்ட் வில்லியம்ஸ் என்ற இடத்தில் அரச நாற்றுமேடை அமைக்கப்பட்டது. 1966 இல், தனியார் காணியில் அரசே உடன்படிக்கை செய்து மரம் நட்டுக்கொடுக்க வழிசெய்யும் சட்டமும் வந்தது. அந்த உதவிகளில் பல பின்னாளில் குறைக்கப்பட்டன என்பது வேறு கதை. ஆயினும், காடு வைத்திருக்கும் குடும்பம் ஒன்று அரச அலுவலகத்துக்குள் நுழைந்து, குற்றவாளியைப் போல நிற்காமல் ஆலோசனை கேட்கலாம் என்ற வழக்கம் அங்கே இருக்கிறது. மருமகன் அந்த வழக்கத்தைப் பழகிக்கொண்டு இங்கே திரும்பிப் பார்க்கிறான்.

காணியின் விபரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாயாரின் பாட்டனார் 1911 இல் வாங்கிய இருபத்திரண்டு ஏக்கர் அது. அதில் பிரிக்கப்படாத அரைப்பங்கை 1936 இல் தன் மகளுக்கு, அதாவது என் அம்மாச்சிக்கு, சீதனமாக எழுதினார். மற்ற அரைப்பங்கு அம்மாச்சியின் தமையனுக்கு முதுசமாக இறங்கியது. உறுதியின் பிரதி ஒன்று தமக்கையிடம் இருந்தது. நொத்தாரிசு மொழியில் எல்லைகள் சொல்லப்பட்டிருந்தன: வடக்கு முடிக்குரிய காடு, கிழக்கு குளத்து அலைகரை, தெற்கு வண்டில் பாதை, மேற்கு அடையாளமிட்ட பாலை மரமும் அதற்கப்பால் முடிக்குரிய காடும். இரண்டு பக்கம் அரசின் காடு, ஒரு பக்கம் நீர் வற்றினால் நகரும் கரை, ஒரு பக்கம் இப்போது இல்லாத பாதை, ஒரு மரம். இவ்வளவுதான் எங்கள் வேலி.

குடும்பத்தில் எவரும் அந்தக் காட்டை முழுதாக வெட்டியதில்லை. தெற்குப் பக்கமாக நாலைந்து ஏக்கரில் சேனை செய்திருக்கிறார்கள். எள்ளும் குரக்கனும் விளைந்ததாக அம்மா சொல்வார். வீட்டு வேலைக்கு முதிரைத் தீராந்திகளும், வேலிக்குக் கதியால்களும், விறகும் வந்தன. மீதியை விட்டுவைத்தார்கள். தேனுக்கு ஆட்கள் போய்வந்தார்கள். பாலைப்பழக் காலத்தில் சாக்கில் பழம் வரும் என்பது என் சிறுவயது ஞாபகம். ‘பராமரிப்பு’ என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை; வெட்டாமல் விடுவதே அவர்கள் அறிந்த பராமரிப்பாக இருந்தது.

விசாரிக்கப் போன இடங்களில் ஓர் அலுவலகத்தில், வயதில் என்னிலும் மிக இளையவரான உத்தியோகத்தர் ஒருவர் உறுதிப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, உங்கடை காணியெண்டால் ஏன் இவ்வளவு காலமும் வெட்டித் துப்புரவாக்கேல்லை?” கேள்வியில் கேலியோ கொடுமையோ இருக்கவில்லை. நூற்றெண்பத்தைந்து வருடப் பழைமையான கேள்வி ஒன்றை அவர் அறியாமலே திருப்பிக் கேட்டார். இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு பற்றியது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம் என்பதை இலங்கை வரலாறு படித்த மாணவர்கள் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள். கண்டி மலைநாட்டில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் காணி விற்கப்பட்ட காலம் அது. வாங்கியவர்களில் பிரித்தானிய சிவில் உத்தியோகத்தர்கள் பலர் இருந்தார்கள். விற்பதற்கு முன் காணி அரசுக்குச் சொந்தம் என்று நிறுவ வேண்டுமல்லவா? அதற்காகப் பிறந்த அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு, காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன என்றே ஊகிக்கப்படும் என்றது. பல வருட இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களைப் பொறுத்தவரை, கண்டி மாகாணங்களில் சன்னசோ அரச உறுதியோ வரி செலுத்திய ஆதாரமோ காட்டினாலன்றி அவை முடிக்குரியவையே. ஏனைய மாவட்டங்களில் சேனை நிலமும் காடாகவோ தரிசாகவோ கொள்ளப்படும். கரையோர மாகாணத்தைச் சேர்ந்த வன்னி இந்த இரண்டாவது வகைக்குள் வந்தது.

சட்டம் மலைநாட்டுக்காக எழுதப்பட்டது என்பதால் வன்னியில் அதன் விளைவு குறைந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வன்னியின் கதை வேறு. குளங்கள் உடைந்து, காய்ச்சல் ஊர்களைத் தின்று, குடிசனம் மெலிந்துபோன நிலம் அது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டக் கைநூலைப் படிப்பவர்கள், கைவிடப்பட்ட குளங்களினதும் ஊர்களினதும் நீண்ட சோகத்தைக் காண்பார்கள். ஒரு தலைமுறை ஊரைவிட்டு விலகினால் வயலில் பற்றை முளைக்கும். இரு தலைமுறை விலகினால் வீரையும் பாலையும் நிற்கும். அப்படி எழுந்த காட்டைப் பார்த்து இது எவருடையதும் அன்று, ஆகவே முடியுடையது என்று சட்டம் சொன்னது. மனிதர் ஏன் போனார்கள் என்று அது கேட்கவில்லை.

இந்த ஊகத்தின் உட்பொருளை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். காணியை வெட்டி எரித்து வெளியாக்கியவன் உரிமையாளன். காட்டைக் காடாக விட்டவனோ அது தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியவன். காடு அழிகிறது என்று பிற்காலத்தில் பதறிய அதே அரசாங்கம், காட்டை அழித்தவனுக்கே உரிமைச் சான்று கொடுக்கும் சட்டத்தை முதலில் எழுதி வைத்தது. இதைப் பற்றி எங்கள் பாடநூல்கள் ஏன் ஒரு வரியும் பேசுவதில்லை என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

1897 இல் முதலாம் இலக்கத் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் வந்தது. இதன் நடைமுறை எளிமையானது. இன்ன காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடில் அது முடிக்குரியதாகும் என்று அறிவித்தல் வெளியிடப்படும். எவரும் வராவிட்டால் கட்டளை பிறக்கும். அது முடிந்த முடிபு. வர்த்தமானியைக் காட்டுக்குள் இருந்து யார் வாசித்தார்கள் என்பது யாருக்கும் கவலையில்லை. இச்சட்டம் 1931 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டமாக உருமாறியது. அந்த மூன்று மாதமும் கூடவே வந்தது. வாசகர்கள் இதைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

காட்டைப் பாதுகாக்கும் எண்ணம் அரசுக்கு வரவேயில்லை என்று நான் சொல்லவில்லை. கோப்பிக்காக மலைமுகடுகள் மொட்டையாவதைக் கண்டு, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்கும்படி எச்சரித்தார். இந்திய வனசேவையைச் சேர்ந்த வின்சென்ட் 1882 இல் இலங்கையின் முடிக்குரிய காடுகள் பற்றி அறிக்கை எழுதினார். 1885 இல் முதலாவது காட்டுச் சட்டமும், 1887 இல் வனத் திணைக்களமும் வந்தன. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடும் 2009 இல் கிடைத்த புதிய பெயரோடும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டங்களில் ஒதுக்கக் காடு உண்டு. கிராமக் காடு என்ற ஏற்பாடும் ஏட்டளவில் உண்டு. குடும்பக் காடு என்ற ஒன்று இல்லை. தனியார் காணி இச்சட்டங்களுக்குள் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான்: வெட்டிய மரத்தை வீதியில் ஏற்றும்போது. அனுமதிப்பத்திரம் எங்கே, மரம் எங்கிருந்து வந்தது, அரச காட்டு முதிரையைத் தனியார் காணி முதிரை என்று சொல்லிக் கடத்துகிறாயா என்ற கேள்விகளே தனியார் காட்டைப் பற்றிய அரச சிந்தனையாக இருந்தன. சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடத்தல் நடந்தது, இன்றும் நடக்கிறது. எனினும் நூறு வருடங்களாக ஒருவரைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், மரம் வளர்ப்பதை விட விற்றுவிட்டுப் போவதே மேல் என்று அவர் முடிவு செய்வார். வன்னியில் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் கதை சற்று வேறு. அங்கே காடு என்றால் பனை. பனங்கூடல் ஒன்று இல்லாத முதுசக் காணி அரிது. ஓலை வேய்ச்சலுக்கும் வேலிக்கும், மரம் வளைக்கும் கூரைக்கும், கிழங்கு ஒடியலுக்கும், மட்டை அடுப்புக்கும் என்று ஒரு குடும்பத்தின் காட்டுத் தேவை முழுவதையும் அந்த ஒரே மரம் நிறைவேற்றியது. வில்லியம் பெர்குசன் 1850 இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார். பனை நட்டவன் அதன் வைரமரத்தைத் தன் காலத்தில் காண்பது அரிது. பேரனுக்குத்தான் அது வளையாகும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடித்த கதை என்று எங்கள் ஊரில் பொறுமையின் எல்லையைக் காட்டச் சொல்வார்களே, அதன் பொருள் இதுதான்.

ஒல்லாந்த திசாவை கிளாஸ் ஐசக்ஸ் 1707 இல் தொகுத்து முடித்த தேசவழமையைப் புரட்டினால், மரத்தைப் பற்றிய அக்கறை அங்கே இருப்பதைக் காணலாம். பிறர் காணியில் ஒருவர் மரம் நட்டால், கன்று யாருடையது, நட்டுத் தண்ணீர் வார்த்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பயனில் பங்கு பேசப்படுகிறது. அயலவன் காணிக்குள் சாய்ந்த மரம் பற்றியும் பேசப்படுகிறது. காணியை விற்பதானால் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் அயலவனுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முன்னீட்டு உரிமையும் அதில் உண்டு. என் அபிப்பிராயத்தில், குடும்பத்துக்குச் சொந்தமான மரநிலத்தை எப்படி வைத்திருப்பது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரேயொரு எழுத்து ஆவணம் அதுதான். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட அந்தஸ்து வழங்கினார்கள். ஆனால் வன்னிக் காட்டுக்குத் தேசவழமையின் கண்ணால் அவர்கள் பார்க்கவில்லை, 1840 ஆம் ஆண்டின் கண்ணால் பார்த்தார்கள்.

அதே தேசவழமைதான் இன்று எங்கள் தலைவலிக்கும் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரிக்கப்படாத பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்துகொண்டே போகும். எங்கள் இருபத்திரண்டு ஏக்கருக்கு இன்று பங்காளிகள் பதினேழு பேர். பதினொருவர் ஆறு நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. பங்குப்பிரிவினை வழக்கு போடலாம். 1863 இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, இப்போது நடைமுறையில் இருப்பது 1977 ஆம் ஆண்டின் சட்டம். வழக்குப் போட்டால் எங்கள் ஆயுள் போதுமா என்பது வேறு. போதினும், பதினேழாக வெட்டிய காடு காடாக இருக்காது.

சுதந்திரத்துக்குப் பின்னர் வந்தவையும் பெரும்பாலும் அதே பாதையில்தான் சென்றன. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி பெற வேண்டும் என்றது. நல்ல சட்டம். யுத்தகாலப் பஞ்சத்தில் பலாவின் அருமையை உணர்ந்த தலைமுறை அதை இயற்றியது. ஆனால் தறிக்காதே என்று சொல்ல ஓர் அதிகாரி இருந்தார். எப்படி வளர்ப்பது என்று சொல்ல எவரும் இருக்கவில்லை. பனைக்கென ஓர் அபிவிருத்திச் சபை 1978 இல்தான் வந்தது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. அதற்கு மேற்பட்ட காடும் தோட்டமும் ஆணைக்குழுவுக்குப் போயின. வறண்ட வலயத்தில் சேனை செய்வோரைக் கொண்டே தேக்கு நடுவிக்கும் முறையொன்று நடந்தது. சேனைக்காரன் நட்டான், மூன்று நான்கு வருடம் இடையில் பயிர் செய்தான், பிறகு வெளியேறினான், தேக்கு அரசுடையது. 1982 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு சமூக வனவியல் திட்டம் தொடங்கியது. 1993 இலிருந்து 2000 வரை பங்கேற்பு வனவியல் திட்டம் நடந்தது. அதில் விவசாயிகளுக்கு மரத்தோட்டம் அமைக்க நிலம் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு, தரமிழந்த அரச நிலத்தில். தன் சொந்தக் காட்டோடு வந்து நிற்பவருக்கு அங்கும் கதிரை பெரிதாகப் போடப்படவில்லை.

இத்தனைக்கும், 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்ட பின்னர், நாட்டின் மரத்தேவையின் பெரும்பங்கைச் சுமந்தவை தனியார் வீட்டுத்தோட்டங்கள்தாம். 1995 ஆம் ஆண்டின் வனத்துறைப் பெருந்திட்டம் இதை எண்களோடு ஒத்துக்கொள்கிறது. அரிமரத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் அவற்றிலிருந்தே கிடைப்பதாக அது கணக்கிட்டது. நாட்டுக்குத் தளபாடம் கொடுத்தவன் வீட்டுக்கோடியில் ஒரு மரம் வைத்திருந்த மனிதன்.

பின்னர் யுத்தம். அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் ஆயிரமாயிரமாய்ச் சரிந்ததை என் கண்ணால் கண்டேன். எந்தத் தரப்பும் அதில் பின்னிற்கவில்லை. வன்னியில் புலிகளின் நிர்வாகத்தில் வனவளப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு இயங்கியது. மரங்கள் நடப்பட்டன, அனுமதியின்றி வெட்டியோர் தண்டிக்கப்பட்டார்கள். அங்கும் காட்டுக்காரனுக்குக் கிடைத்தது கட்டளைதான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, நூறு வருடங்களுக்கு முன் காய்ச்சல் செய்த வேலையைக் குண்டு செய்தது. வயல்கள் பற்றையாயின, பற்றை காடாயிற்று. 2009 இற்குப் பின் திரும்பியவர்கள் கண்ணிவெடி அகற்றப்படும் வரை உள்ளே கால் வைக்க முடியவில்லை. கால் வைத்தபோது சிலருடைய காணிகளில் எல்லைக்கற்கள் நின்றன.

இதற்குப் பின்னால் 2001 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருந்தது. ஒதுக்கப்படாத ‘ஏனைய அரச காடுகள்’ எல்லாவற்றையும் அது வனத் திணைக்களத்தின் நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. தெற்கின் காடுகளைக் காக்க அது உதவியது உண்மை. வடக்கில், மக்கள் இல்லாத காலத்தில் முளைத்த காடும் அதே கண்ணாடியால் பார்க்கப்பட்டது. 2020 நவம்பரில் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டது. நீக்கியதை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. அவர்கள் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. காவல் எடுபட்ட காட்டுக்குள் முதலில் நுழைவது பழைய உரிமையாளன் அல்லன், மண்வெட்டும் இயந்திரம்.

மன்னாரின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை இந்தச் சிக்கலின் மிக வேதனையான உதாரணமாகச் சொல்வேன். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள் அங்கே இருந்தன. ஏறத்தாழ இருபது வருடங்கள் எவரும் இல்லை. 2012 ஒக்டோபரில் அப்பகுதி ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017 மார்ச்சில் மாவில்லு பாதுகாக்கப்பட்ட காடு என நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு அது விரிந்தது. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கக் காட்டில் மரம் வெட்டப்பட்டது என்பதும் உண்மை. அந்த மரங்களில் ஒரு பகுதி முளைத்தது துரத்தப்பட்டவர்களின் முற்றத்தில் என்பதும் உண்மை. தென்னிலங்கைப் பத்திரிகைகள் முதலாவதை எழுதின. நாங்கள் இரண்டாவதை எழுதினோம், அதுவும் பிந்தி.

சரி, சட்டத்தில் ஈரமே இல்லையா என்றால், சிறிது இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் பிறர் காணியைப் பத்து வருடம் எதிர்த்து ஆண்டால் உரிமை கோரலாம். யுத்தத்தால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தப் பத்து வருடத்தை எண்ணக்கூடாது என்பதற்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதலாம் திகதியிலிருந்து 2009 மே 18 வரையான காலம் கணக்கில் சேராது என்றது அது. மனிதர் ஏன் போனார்கள் என்று சட்டம் கேட்ட அரிய சந்தர்ப்பம் இது என்பேன்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானியில், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் கோர வேண்டும், தவறினால் அவை அரசகாணியாகும் என்று அறிவித்தல் வெளியானது. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயச் சட்டம். அதே மூன்று மாதம்! உறுதி எரிந்தவர்களும், சுனாமியில் பெட்டியோடு பறிகொடுத்தவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? எதிர்ப்பு எழுந்தது. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. எங்கள் காணி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால் தமக்கை அலுமாரியைத் திறந்து உறுதிப் பிரதியைத் தேடியெடுத்தது அந்த நாட்களில்தான். மருமகனின் கேள்வியும் அங்கிருந்தே பிறந்தது.

இனி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உதவி கிடைக்குமா? ஒரே கதவில் கிடைக்காது. நாலைந்து கதவுகளைத் தட்ட வேண்டும், அவற்றில் ஒன்றிலும் ‘காட்டுக்காரருக்கு’ என்று எழுதியிருக்காது.

முதற்கதவு காணிப் பதிவகம். உறுதிப் பிரதியில் உள்ள இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் கொண்டு பதிவேட்டின் மடிப்பைத் தேடலாம். மூலம் எரிந்திருந்தாலும் அந்தப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதி வழக்கில் பேசும். எங்கள் விடயத்தில் 1936 ஆம் ஆண்டுப் பதிவு அகப்பட்டது. 1911 இற்குரிய ஏட்டில் சில பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தன. இரண்டாவது, நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராம வரைபடங்கள். ‘முடிக்குரிய காடு’ எங்கே முடிகிறது, எங்கள் துண்டு எங்கே தொடங்குகிறது என்பதை உறுதி சொல்லாது, வரைபடம் சொல்லும். அந்த வரைபடத்தை வாசித்து நிலத்தில் இறக்கப் பதிவுபெற்ற நில அளவையாளர் ஒருவர் வேண்டும். காட்டுக்குள் வர ஒப்புக்கொள்பவராகப் பார்க்க வேண்டும். இருவர் யானைக்குப் பயந்து மறுத்துவிட்டார்கள். மூன்றாவது, பிரதேச செயலகம். கிராம சேவகரின் பதிவும், ஊரில் மிஞ்சியிருக்கும் முதியவர்களின் சத்தியக்கடதாசியும் அங்கே பெறுமதி உடையவை. ஊரில் எண்பது வயதைக் கடந்த ஒருவர் எங்கள் பூட்டனாரின் பெயரைச் சொன்னதும், “ஓ, பாலையடிக் காணி” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பெறுமதி போட முடியாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள எங்கள் நாட்டுத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டும். பதினொரு பேரையும் ஒரே ஆளின் பெயருக்கு எழுத வைப்பது, வன்னிக் காட்டில் வழி கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்று இப்போது அறிந்துகொண்டேன். சின்னம்மாவின் மகன் ஒருவர், “அண்ணை, நீங்கள் மரத்தை விக்கப்போறியளோ?” என்று லண்டனிலிருந்து கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஏன் கையெழுத்து?” என்றார். விற்பதற்கு மட்டுமே கையெழுத்துக் கேட்கப்பட்ட ஒரு சமூகத்தில் அவர் சந்தேகப்பட்டது தவறன்று.

இவ்வளவும் காணி எங்களுடையது என்று காட்டுவதற்கு. காட்டை என்ன செய்வது என்பதற்கு அறிவு வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. மாவட்ட வன அலுவலகத்திலும், விரிவாக்கப் பிரிவினர் மரக்கன்றும் ஆலோசனையும் தருவார்கள், கேட்டால். ஓய்வுபெற்ற வன உத்தியோகத்தர் ஒருவர் நண்பர் மூலம் அறிமுகமானார். அவர் ஒருநாள் முழுவதும் எங்களோடு நடந்தார். தெற்குப் பக்கத்துப் பழைய சேனை நிலத்தில் பற்றையை ஒரேயடியாகத் துப்புரவாக்க வேண்டாம் என்றார். முதிரைக் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கும் இடங்களில் சுற்றியுள்ள கொடியை மட்டும் வெட்டி வெளிச்சம் விடுங்கள், கோடையில் எல்லையோரம் ஆறடிக்குச் சருகு கூட்டித் தீப்பாதை போடுங்கள், குளத்து அலைகரையில் நிற்கும் மருதைத் தொடவே தொடாதீர்கள் என்றார். காசு வாங்கவில்லை. “சேவையில் இருந்த முப்பது வருடத்தில் சொந்தக் காட்டைக் காட்டி ஆலோசனை கேட்ட முதல் ஆள் நீங்கள்” என்று சிரித்தார். மற்றவர்கள் பிடிபட்ட பிறகுதான் அவரிடம் வந்திருக்கிறார்கள்.

நாங்கள் அன்று மேற்கு எல்லையின் பாலை மரத்தையும் தேடினோம். உறுதியில் சொன்ன இடத்தில் மூன்று பெரிய பாலைகள் நின்றன. நில அளவையாளர் மாசியில், நிலம் காய்ந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கத்தியால் கொத்திய பழைய அடையாளம் பட்டைக்குள் மூடிப்போயிருக்கும், தட்டிப் பார்த்தால் சத்தம் வேறுபடும் என்று அந்த முதியவர் சொல்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போக ஒரு வாகனம் பேசி வைத்திருக்கிறேன்.